கூப்பிடு மிஷின்

உத்திரமேரூரில் வந்தவாசி ரோட்டில், உரக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இரும்பு கடைகிற ஒரு லேத் பட்டறை. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று "பாய் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். இன்னா வேலை என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்கும். பாய் வரட்டும், அவர்கிட்டயே சொல்லிக்கறேன் என்று இழுத்தால் தீர்ந்தது கதை. அந்த ஆள் தூக்கிவந்த ஷாஃப்ட் சாயங்காலம் வரைக்கும் வாசலிலேயே வெயில் காயும். பழகினவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். "ஷாஹீதாம்மா, கொஞ்சம் அர்ஜெண்டு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். ஷாஹீதாவும் துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக் கட்டி, முனை ரெண்டையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பார்க்கலாம் என்பாள். பார்க்கலாம் என்றால் ஆயிற்று என்று அர்த்தம்.

செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வருஷம் நிறையாமல் திரும்பி வந்தவள் அவள். ஏன் என்று ஊர் கேட்காமல் இருக்குமா? மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனால் பொழுது முழுக்க சோபாவில் உட்கார வைத்துவிட்டார், இடுப்பு போயிடுச்சு என்றாள். அதற்கப்புறம் வாயைக் கொடுக்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. அவளைப் பெற்ற அத்தா நஜிமுதீன் காரணம் கேட்டு நிற்கவில்லை. மறுநாளே பெரிய லேத்தின் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பட்டறையில் லேத் ரெண்டு. பெரியது அத்தாவுடையது. சுவரோரம் இருக்கிற சின்னது அண்ணன் ஜமீருடையது. ரெண்டுக்கும் நடுவில் இரும்பு ஸ்டூல் ரெண்டு. ஒன்றில் ஷாஹீதா உட்காருவாள். இன்னொன்றில் யாரும் உட்காரக் கூடாது.

காவாந்தண்டலத்திலிருந்து ஒரு அறுவடை மிஷின்காரர் தெரியாத்தனமாக ஒருநாள் அதில் உட்கார்ந்துவிட்டார். பேரிங் போன கதையை அவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எழுந்திருங்க, அதுல ஆள் கீது என்றாள். அவர் சிரித்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து நின்றுகொண்டே மீதிக் கதையைச் சொல்லி முடித்தார். அதிலிருந்து அவர் வாசற்படியைத் தாண்டி வருவதில்லை, வேலையை ஆள் மூலமாகக் கொடுத்து அனுப்புகிறார்.

ஸ்டூலில் இருக்கிறதாக அவள் சொன்ன அந்த ஆள் ஜமீர்தான். கொரோனாவின் ரெண்டாவது அலையில் போனவன்.

போனவன் என்று நாம் சொல்கிறோம். ஷாஹீதா அப்படிச் சொல்ல மாட்டாள். அவளுக்கும் அப்போது காய்ச்சல். மாடி ரூமில் அடைந்து கிடந்தாள். கீழே பட்டறை வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஜமீர் தானே நடந்து போய் ஏறினான், ஏறும்போது ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினான். அவ்வளவுதான் அவள் பார்த்தது. மற்றதெல்லாம் போனில் வந்தது. மூச்சு வாங்குதாம், ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்களாம், அப்புறம் இல்லையாம். வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. ஜமாஅத்துப் பையன்கள் முழுக்கவசம் போட்டுக்கொண்டு, காஞ்சிபுரம் பக்கத்திலேயே தொழுவித்து அடக்கம் செய்தார்கள். பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தார்கள். வீட்டாருக்கு மனசு ஆறட்டும் என்று ஒரு வீடியோவும் அனுப்பினார்கள். வெள்ளையாக, நீளமாக ஒரு பொட்டலம் குழிக்குள் இறங்குகிறது.

அம்மா ஹமீதா அதைப் பார்த்து மயங்கி விழுந்தாள். ஷாஹீதா அழவே இல்லை. இது யாரா வேணா இருக்கலாம் என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்கள் அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் செத்த உடம்பை, மய்யித்தை, வைத்த சந்தூக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் முன் முகத்துத் துணியை விலக்குகிற அந்த ஒரு நிமிஷம்தான். கிட்டே போய் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏதாவது தப்பு நடந்திருந்தால் பொறுத்துக்கோ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தள்ளி நின்று வழி விட வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் செத்தவர் செத்தவர். ஷாஹீதா சொல்லவில்லையே. வழியும் விடவில்லை.

லாக்டவுன் முடிந்து பட்டறை திறந்த அன்றைக்கு அவள் முதலில் பார்த்தது சின்ன லேத்தைத்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது ஜமீர் எதைக் கடைந்துகொண்டிருந்தானோ அது அப்படியே சக்கில், பொருளைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற லேத்தின் வாயில், மாட்டியிருந்தது. விரல் மொத்தத்துக்கு ஒரு ஸ்டீல் தண்டு. அதில் பாதி வரைக்கும், போல்ட்டில் இருக்கிற மாதிரி, மரை வெட்டியிருந்தான். வெட்டுகிற டூல் மரையின் பள்ளத்துக்குள்ளேயே நின்றிருந்தது.

லேத்து வேலை தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சக்கில் பிடித்த பொருளை வேலை முடியாமல் கழட்டக் கூடாது. கழட்டி மறுபடி மாட்டினால் பழைய சென்டர் திரும்ப வராது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்காவது தள்ளாடும். ஷாஹீதா அதைக் கழட்டவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்த் துணியால் துரு ஏறாமல் துடைப்பாள், அவ்வளவுதான். வேலையெல்லாம் பெரிய லேத்தில். சின்னது மூன்று வருஷம் போல அப்படியே நின்றது.

நின்றது என்று சொன்னாலும் அந்த இடம் முழுசாக அடங்கவில்லை. பட்டப்பகலில்தான் நடக்கும். மத்தியானம் கரண்ட் போகும், பெரிய லேத் முனகி முனகி ஓய்ந்து அடங்கும், ரோட்டிலும் சத்தம் இருக்காது. அப்போது சமோசா எண்ணெய் வாசனை வரும். ஜமீர் மரை வெட்டும்போது கடையில் விற்கிற கட்டிங் ஆயிலை ஊற்ற மாட்டான். அம்மா சமோசா பொரித்து மிச்சமான எண்ணெயைத்தான் ஊற்றுவான். மரை கண்ணாடியாட்டம் வரும் என்பான். சூட்டில் பட்டறையே டீக்கடை மாதிரி மணக்கும், பசி எடுத்துவிடும். அந்த வாசனைதான். அம்மா சமோசா போடுவதையே நிறுத்தி வருஷக் கணக்காகிறது. வாசனை வந்தால் ஸ்டூல் லேசாகக் கிரீச்சிடும், ஆள் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. ஷாஹீதா திரும்பிப் பார்க்க மாட்டாள். பயம் இல்லாமல் இல்லை, கழுத்துப் பின்னால் முடியெல்லாம் நட்டுக்கொள்ளும். ஆனாலும் அது வராத நாளில் அவளுக்குச் சோறு இறங்காது.

ஸ்டூலில் ஆள் இருக்கிற பேச்செல்லாம் அம்மா காதுக்குப் போனபோது, ஜமீர் சட்டையெல்லாம் ஏழை பாழைகளுக்குக் கொடுத்துவிடலாம், அவன் பேரில் ஒரு பாத்திஹா ஓதலாம் என்றாள். ஷாஹீதா பீரோ சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதோடு சரி.

கடைசியில் அத்தாதான் வாயைத் திறந்தார். அறுப்பு சீசன், பெரிய லேத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. சும்மா நிற்கிற மிஷினை வேலைக்கு விடு, அதுல மாட்டிக்கினு கீறதைக் கழட்டு என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷாஹீதா எண்ணெய்த் துணியை எடுத்துச் சின்ன லேத்தை ஒருதரம் துடைத்தாள். அப்புறம், கழட்டறேன், ஆனா முடிச்சுட்டுத்தான் கழட்டுவேன் என்றாள்.

எதை முடிப்பது? அங்கேதான் கூப்பிடு மிஷின் வருகிறது.

தைப்பூசத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர் சாமிகளெல்லாம் பெருநகருக்கு வந்து, செய்யாற்று மணலில் கூடும். சாமி பார்த்த ஜனத்துக்கு இருட்டினதும் ஆற்றிலேயே திரை கட்டிப் படம் போடுவார்கள். ஜெனரேட்டர் நஜிமுதீன் பாயுடையது. அது கத்துகிற கத்தல் ஜனத்துக்குத் தொந்தரவாகக் கூடாது என்று திரைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சின்ன வயசில் ஒரு வருஷம் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள அத்தாவோடு ஜமீரும் ஷாஹீதாவும் போனார்கள். அவனுக்குப் பத்து வயசு இருக்கும், அவளுக்கு ஏழோ எட்டோ. திரைக்குப் பின்னால், டீசல் கேன் மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். துணித்திரைதானே, பின்பக்கமும் படம் தெரியும். ஜெனரேட்டர் இரைச்சலில் வசனம் ஒன்றும் காதில் விழாது. எழுத்து வேறு தலைகால் புரியாமல் திரும்பித் திரும்பி வந்தது. அதைப் பார்த்து ரெண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அதனால்தான் அது என்ன படம், பேர் என்ன என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரியாது.

ஏதோ வேற்று நாட்டுப் படம், தமிழில் பேச வைத்தது. ஆகாயத்தில் ஒரு கப்பல். அதிலிருந்து ஒவ்வொருவராக இருட்டுக்குள் தொலைந்துபோகிறார்கள். மிஞ்சுகிறவள் ஒருத்தி. அவள் கையில் குக்கர் அளவுக்கு ஒரு உலோகப் பெட்டி, பித்தளையும் எஃகுமாக மின்னுகிறது. மேலே ஒரு வளையம். அதை இடப்பக்கமாகத் திருப்புகிறாள். உள்ளே சக்கரம் சுற்றி நீல வெளிச்சம் வருகிறது. தொலைந்தவர்கள் இருட்டிலிருந்து நீந்தி நீந்தி வந்து கண்ணாடியில் முகம் காட்டுகிறார்கள். படம் முடியும்போது அவள் அழுதுகொண்டே வலப்பக்கம் திருப்புகிறாள். வந்தவர்களெல்லாம் போய்விடுகிறார்கள்.

ஜமீர் அவள் காதில் வாயை வைத்துக் கத்தினான். இரைச்சலில் வேறெப்படிச் சொல்ல முடியும்?

"நா செத்துட்டா நீ திருப்பு. நீ செத்துட்டா நா திருப்பறேன்."

சரி என்று அவள் தலையாட்டினாள். சின்னப் பிள்ளைகள் பேச்சுதான். ஆனால் லாக்டவுனில் வேலை இல்லாமல் பட்டறை மூடிக் கிடந்தபோது ஜமீர் கூப்பிடு மிஷின் என்று பேர் வைத்து அந்தப் பெட்டியைச் செய்ய ஆரம்பித்தான். போர்வெல் மோட்டாரின் பழைய பித்தளை புஷ்ஷைக் கடைந்து மேல்மூடி ஆக்கினான். பவர் டில்லர் சிலிண்டரைச் சீவிச் சீவி உடம்பு ஆக்கினான். நீள வாட்டத்தில் துளைகள் போட்டு, உள்ளே சக்கரம் சுற்றினால் எரிய சைக்கிள் டைனமோவும் நீல பல்பும் வைத்தான். படமும் கிடையாது, அளவும் கிடையாது. எல்லாம் ஞாபகத்திலிருந்து. வளையத்துக்கு அடியில் சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி ஒரு பல் வைத்தான், வளையம் இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும். வலப்பக்கம் திருப்பினால் இம்மி நகராது. ஏன் அப்படி என்று ஷாஹீதா கேட்டதற்கு, அந்தப் பொம்பள கடைசியில எல்லாரையும் அனுப்பினது எனக்குப் புடிக்கல ஷாஹி என்றான்.

"நம்ம மிஷின்ல வர்றதுக்குத்தான் வழி. போறதுக்கு வழியே வைக்க மாட்டேன்."

அதன் நடுத்தண்டுதான் சக்கில் பாதியோடு நின்றது. இப்போது தெரிகிறது அல்லவா, அவள் ஏன் அதைக் கழட்டவில்லை என்று. முடித்துத் திருப்பினால் ஜமீர் வருவான். முப்பது வயசுப் பொம்பளை, ஷாஃப்ட்டில் மயிரிழை தள்ளினாலும் கண்டுபிடிக்கிறவள், இதை நம்பினாளா என்றால் நம்பினாள். வெளியே ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அப்புவிடம்கூடச் சொல்லவில்லை. அப்பு பட்டறையின் வெல்டர். பெருநகருக்கு வெளியே இருளர் குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறவன். அவனுக்கும் அவள் வயசுதான், ஆனாலும் அக்கா என்பான். ஜமீர் போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவன், அவனை நேரில் பார்த்தது கிடையாது. ஸ்டூல் சமாச்சாரம் தெரிந்த அன்றைக்கே, அவர் உக்காந்து கீறாரு, நான் இன்னாத்துக்குக் குறுக்க என்று எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டான். நாள் முழுக்கக் குனிந்து வெல்டிங் வைக்கிறவனுக்கு டின் எப்படி வசதிப்படும்? முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழுவான். ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

சக்கில் இருந்த தண்டில் அவள் கை வைத்தபோது அப்பு எட்டிப் பார்த்தான். இன்னாக்கா, லெஃப்ட் மரை என்றான். ஊர் உலகத்தில் எல்லாம் வலது மரை. டூல் வெளியிலிருந்து சக்கை நோக்கி வரும். இடது மரைக்குத் தலைகீழ், டூல் சக்கை விட்டு வெளியே போகும். அவன் அப்படித்தான் வெட்டியிருக்கான், அப்படித்தான் போவணும் என்றாள். அம்மாவிடம் கேட்டு, காரணம் சொல்லாமல், சமோசா பொரிக்க வைத்து எண்ணெய் வாங்கி வந்தாள். அண்ணன் விட்ட பள்ளத்திலேயே டூலைக் கொண்டுபோய் நிறுத்தி லேத்தை ஓட்டினாள். எங்கே அவன் மரை முடிந்தது, எங்கே அவளுடையது ஆரம்பித்தது என்று நகத்தை வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. சக்கைத் தளர்த்துகிற நேரத்தில் மட்டும் கை ஓடவில்லை. அப்பு, நான் கழட்டட்டுமா அக்கா என்றான். வேணாம் என்று அவளே கழட்டினாள்.

மத்தியானம் அப்பு நாஷ்டா கடைக்குப் போயிருந்தபோது பெட்டியைப் பூட்டி முடித்தாள். கரண்ட் போயிற்று. வளையத்தைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். டிக் டிக் டிக் என்று பல் ஏறியது, சக்கரம் சுற்றியது, துளைகள் வழியே நீல வெளிச்சம் சுவரில் ஓடியது. ஸ்டூல் ஒருதரம் பலமாகக் கிரீச்சிட்டது. எண்ணெய் வாசனை குப்பென்று அடித்து அடங்கியது. வந்துட்டியா என்றாள்.  திரும்பிப் பார்த்தாள், ஸ்டூல் காலி.

மறுநாள் திருப்பினாள். ஸ்டூல் சத்தம் போடவில்லை. வாசனை மட்டும் வந்தது, தூரத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி. அதற்கு மறுநாள் அதுவும் பாதியாகிவிட்டது. திருப்பினது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். காலையில் திருப்பினாள், மத்தியானம் திருப்பினாள், வேலையை நடுவில் போட்டுவிட்டு வந்து திருப்பினாள். திருப்பத் திருப்ப வாசனை குறைந்துகொண்டே போனது. மூன்று வருஷம் கூப்பிடாமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், கூப்பிட ஆரம்பித்ததும் விலகி விலகிப் போகிறானே, இது என்ன கொடுமை? என் மேல் என்ன கோபம் என்று அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். ஹார்வெஸ்டர்காரர் ஒருத்தருக்கு அளவு தப்பாகக் கடைந்து கொடுத்தாள். அது அவள் கையில் நடந்ததே கிடையாது.

அப்படி ஒரு மத்தியானம், பீடிக்கட்டை மறந்துவிட்டுப் போன அப்பு பாதியில் திரும்பி வந்தான். ஷாஹீதா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நீல வெளிச்சம் சுவரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, இது அந்த ஆத்துப் படத்துல வர்றது இல்ல?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று சொன்ன முதல் ஆள். நீயும் பாத்தியா, தைப்பூசத்துல, பெருநகர்ல, என்று கையைப் பிடித்துக் குலுக்காத குறைதான். அவனுக்கும் முகமெல்லாம் சிரிப்பு. பார்க்காமல் என்ன, எங்க குடிசையிலிருந்து ஆறு எட்டி விடுகிற தூரம்தானே என்றான். படம் பார்த்த பிறகு ஒரு வருஷம் அவர்கள் பிள்ளைகளெல்லாம் ஓட்டை பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு அதே ஆட்டம்தானாம். ஒருத்தன் டப்பாவைத் திருப்புவானாம், மற்றவர்கள் கருவேலமரத்துக்குப் பின்னாலிருந்து வருவார்களாம். எங்கப்பன் எதுக்கும் அழுவாத ஆளு, அந்தப் படத்தோட முடிவுக்கு அழுதுச்சு என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் வளையத்தைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"ஆனா நீ திருப்பறது கூப்புடறது இல்லியேக்கா. இது அனுப்பறது. கூப்புடணும்னா வலது கைப்பக்கம் திருப்பணும்."

போடா, இடப்பக்கம்தான் கூப்பிடுறது, வலப்பக்கம் திருப்பினால்தான் போவார்கள் என்றாள். அவன் தலையை ஆட்டினான். ஒரு வருஷம் ஆடின ஆட்டம் மறந்துபோகுமா, கடைசியில் அவள் இடது பக்கம் திருப்பித்தான் அழுதுகொண்டே எல்லோரையும் அனுப்புவாள் என்றான். குரல் ஏறிவிட்டது ரெண்டு பேருக்கும். அப்புறம் ஷாஹீதாதான் திடுமென்று அடங்கிப்போய்க் கேட்டாள்.

"நீ எங்க குந்திக்கினு பாத்த?"

"முன்னாலதான், மணல்ல. நீ?"

அவள் வளையத்திலிருந்து கையை எடுத்தாள். டீசல் கேனும், காதை அடைக்கிற ஜெனரேட்டரும், திரும்பித் திரும்பி வந்த எழுத்தும், அதற்கு விழுந்து விழுந்து சிரித்த சிரிப்பும் எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்தது. எழுத்து திரும்பி இருந்தால் படம் மட்டும் நேராக இருக்குமா? வலது இடதாயிருக்கும், இடது வலதாயிருக்கும். எழுத்துக்குச் சிரித்த ரெண்டு கழுதைகளுக்கும் அது தோன்றவில்லை. ஜமீர் அந்தப் பெட்டியை அச்சாகச் செய்தான், ஒரு நூல் பிசகவில்லை, ஆனால் எல்லாமே பின்பக்கத்திலிருந்து பார்த்தபடி. போவதற்கு வழியே வைக்க மாட்டேன் என்று சொல்லி, போவதற்கு மட்டுமே வழி வைத்துவிட்டான்.

அப்போதுதான் மற்றதும் அவளுக்கு உறைத்தது. வாசனை ஏன் குறைந்தது. ஸ்டூல் ஏன் ஓய்ந்தது.

"அப்பு, நானே அவனை அனுப்பிக்கினு இருந்தேன்டா. தினம் தினம், என் கையாலயே."

அப்பு ஒன்றும் புரியாமல் நின்றான். அவள் சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு விளங்கியது.  நான் வாயை வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கலாம் என்றான். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவனைக் கடைக்கு அனுப்பினாள். பீடியை எடுத்துக்கொண்டு போனவன் வாசலில் ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஷாஹீதாவுக்கு அழ நேரம் இல்லை. பெட்டியைப் பிரித்தாள். பல்லைத் திருப்பி வைத்தால் வளையம் வலப்பக்கம் சுற்றும். ஆனால் மரையெல்லாம் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால் தானாகக் கழன்று கொட்டிவிடும். மரையைச் சீவி எடுத்துவிட்டு வலது மரை வெட்ட வேண்டும், அவ்வளவுதானே, எத்தனை ஆயிரம் மரை வெட்டியிருக்கிறாள். கரண்ட் வந்தது. நடுத்தண்டைச் சின்ன லேத்தின் சக்கில் மாட்டி இறுக்கினாள். ஓட்டினாள்.

தண்டு தள்ளாடியது. கண்ணுக்கே தெரிந்தது, நுனி சின்னதாக வட்டம் போட்டது. நிறுத்தினாள். தளர்த்தி, கொஞ்சம் திருப்பி மாட்டினாள். மறுபடி தள்ளாட்டம், வேறு பக்கமாக. துடைத்து மாட்டினாள். தட்டி மாட்டினாள்.  தாடை மாதிரி நாலு ஜா இருக்கிற சக்கில் வைத்து, ஒவ்வொரு ஜாவாகத் தள்ளித் தள்ளி நேராக்கலாம்தான், அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது அவள் பிடிக்கிற சென்டர். ஜமீர் பிடித்த சென்டர் எதுவோ அது மூன்று வருஷம் இந்தச் சக்கில் இருந்தது, அவளே கழட்டிவிட்டாள். இனி வராது. டூலை மட்டும் அண்ணன் மரைக்குப் பக்கம் கொண்டுபோனாள். ஒரு சுற்று தொட்டால் அவன் வெட்டினதெல்லாம் சுருள் சுருளாகக் கீழே விழும், பெருக்கி அள்ளிச் சாக்கில் கட்ட வேண்டியதுதான்.

லேத்தை நிறுத்தினாள். சக்கு ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம் தண்டைக் கழட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டியை இருந்தபடியே பூட்டினாள். அதை எடுத்துக்கொண்டு போய் ஜமீரின் ஸ்டூல் மேல் வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள், மய்யித்துக்குப் பக்கத்தில் உட்காருகிற மாதிரி. துப்பட்டா முனையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துத் தலையைச் சரியாக மூடிக்கொண்டாள். பித்தளை மூடி பளபளவென்று இருந்தது. அதில் தெரிந்த முகம் அவளுடையதுதான். ஆனால் மூக்கும் தாடையும் அவர்கள் ரெண்டு பேருக்கும் ஒன்று, சின்ன வயசில் எல்லோரும் சொல்வார்கள். ரொம்ப நேரம் அந்த முகத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"பொறுத்துக்கோ அண்ணே," என்றாள்.

வளையத்தைப் பிடித்து, இந்தத் தடவை தெரிந்தே, இடப்பக்கம் திருப்பினாள். டிக் டிக் டிக் என்று பல் ஏறியது. நீல வெளிச்சம் சுவரில் ஓடி, லேத் மேல் ஓடி, வாசல் பக்கம் போய் வெயிலில் காணாமல் போனது. சக்கரம் நின்றது. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். இரும்பும் டீசலும்தான் மணத்தது. அப்போதுதான் அழுதாள். மூன்று வருஷத்து அழுகை, பக்கத்து டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து வாசலில் நிற்கிற அளவுக்கு அழுதாள்.

சாயங்காலம் அம்மா கேட்காமலே பீரோ சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா சாவியைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் சின்ன லேத்தில் காவாந்தண்டலத்து ஹார்வெஸ்டரின் ஷாஃப்ட் ஏறியது. கூப்பிடு மிஷின் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில், மேல் பலகையில் இருந்தது. மத்தியானம் கரண்ட் போனது. லேத் ரெண்டும் ஓய்ந்து பட்டறை அமைதியாயிற்று. ஷாஹீதா பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்பு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு முதுகைப் பிடித்தபடி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டான்.

அவள் துப்பட்டாவால் அந்த ஸ்டூலை ஒருதரம் துடைத்து அவன் பக்கம் தள்ளினாள்.

"இதுல உக்காரு அப்பு. ஆள் யாரும் இல்ல."